கடைக்கு வந்து கேட்கிற கேள்வியை எழுதுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள், ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள், தேயிலை பொட்டலம் கட்டி விற்கிறவர்கள் என்று யாரைச் சந்தித்தாலும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, பேஸ்புக்கில பூஸ்ட் போட்டா யாவாரம் வருமா?" பூஸ்ட் என்றால் பேஸ்புக்குக்குக் காசு கட்டிப் பதிவை நிறையப் பேருக்குக் காட்டவைப்பது. யாவாரம் வரும். கொஞ்சம் வரும், போட்ட காசு தீர்ந்ததும் நின்றுவிடும். அவர்கள் பூஸ்ட் போடுகிற பதிவைத் திறந்து பார்த்தால் ஒரு பூப்போட்ட பின்னணி, கடைப் பெயர், "சிறந்த தரம், நியாய விலை, இன்றே அழையுங்கள்" என்று ஒரு வரி, கீழே இரண்டு போன் நம்பர். அன்றைக்கே அந்தப் பொருள் தேவைப்படுகிற ஒருவர் கண்ணில் பட்டால் அழைப்பார். மற்றவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மற்றவர்கள்தான் எப்போதும் அதிகம்.

நான் பேச நினைப்பது அவர்களைப் பற்றித்தான். இன்றைக்கு எதுவும் வாங்கப் போகாத ஒருவருக்கு ஒரு பொருளின் மேல் ஆர்வம் வரவைக்க வேண்டும், விற்கிறவர் மேல் நம்பிக்கை வரவைக்க வேண்டும், வாங்க நினைக்கிற நாளில் நம் பெயர் தானாக அவர் ஞாபகத்துக்கு வரவேண்டும். இதற்குத்தான் கன்டென்ட் மார்க்கெட்டிங் என்று பெயர். கொழும்பில் இதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன, நம் ஊர்க் கடைக்காரருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்கிற கேள்விக்கு, எதையும் ஒளிக்காமல், முழுசாக, எல்லோரும் பார்க்கிற இடத்தில் பதில் எழுதி வைத்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சின்ன அளவில் தேயிலை விற்கிறார். அவருடைய பேஸ்புக் பக்கம் முழுக்கப் பொட்டலத்தின் படங்கள்தான், ஒன்றுக்கும் பெரிதாக அசைவு கிடையாது. ஆனால் அவருடைய வட்ஸ்அப்பில் மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "மகள், நான் பால் தேத்தண்ணிதான் குடிக்கிறது. நீங்க அனுப்பின தூள்ல சாயம் ஏறுதில்லையே, பழைய தூளா?" அதற்கு அக்கா பொறுமையாக, நீளமாக, குரல் பதிவிலேயே பதில் சொல்லியிருக்கிறார். தூள் பழசில்லை அம்மா, அது நுவரெலியாத் தேயிலை, உயரத்தில் விளைகிறது, அதனால் மெல்லிய பொன்னிறச் சாயம்தான் விடும், அதன் சிறப்பே வாசம், பால் ஊற்றினால் அந்த வாசம் அமுங்கிவிடும், ஒரு தடவை பால் இல்லாமல் பிளேன்டீயாகக் குடித்துப் பாருங்கள்; பாலோடுதான் வேண்டும் என்றால் அடுத்த முறை பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட் என்கிற தரத்துத் தூளைக் கேளுங்கள், பொடியாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும், கடுமையாகவும் இருக்கும்.

அவர் பக்கத்தில் கிடந்த எல்லாப் பதிவுகளையும்விட இந்தக் குரல் பதிவு நல்ல பதிவு. அது ஒரே ஒரு ஆளுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான் குறை. அதே சந்தேகத்தோடு தூளைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

சரி, அதை எப்படிப் பதிவாக்குவது? "பால் தேத்தண்ணிக்கு எந்தத் தூள் நல்லது?" என்று அந்த அம்மா கேட்ட தோரணையிலேயே தலைப்பு. சன்னல் ஓரத்தில் இரண்டு கண்ணாடிக் குவளை, ஒன்றில் பி.ஓ.பி.எஃப்., மற்றதில் பெரிய இலையான ஓ.பி., இரண்டுக்கும் ஒரே அளவு தூள், ஒரே கொதிநீர், ஒரே மூன்று நிமிடம். நிற வித்தியாசம் படத்திலேயே தெரியும், பில்டர் போடாதீர்கள். பி.ஓ.பி., ஓ.பி., டஸ்ட் என்பதெல்லாம் இலைத் துணுக்கின் அளவையும் தோற்றத்தையும் வைத்துப் பிரிக்கிற தரப்பெயர்கள், டஸ்ட் என்றால் கூட்டி அள்ளிய குப்பை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை ஒரு வரியில் தெளிவாக்குங்கள். அப்புறம் பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று வீசுகிற மாதங்களில், தனி வாசம் வரும் என்பதையும், நுவரெலியா, திம்புல பக்கத்துக்கு ஆண்டின் முதல் மூன்று மாதங்கள்தான் நல்ல பருவம் என்பதையும் எழுதுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு "எங்களிடம் இருக்கிறது" என்று கடைசியில் ஒரு வரி போதும். இதைப் படித்தவர் அடுத்த முறை வெறும் "தேயிலை இருக்கா?" என்று கேட்கமாட்டார். "இந்த ஊவாப் பருவத் தூள் வந்துட்டா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி அவர் மனதில் முன்பு கிடையாது, நீங்கள் எழுதியதால் வந்தது. தேவையை உருவாக்குவது என்றால் இதுதான்.

இதில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிரித்து வைத்துக்கொண்டால் எழுதுவது சுலபம். ஒருவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார், அவருக்கு வேண்டியது விலை, இடம், நேரம், அனுப்பும் செலவு. இவருக்கான தகவல் கூகுள் வரைபடத்திலும் பேஸ்புக் பக்கத்தின் முகப்பிலும் பிழையில்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இதைக்கூடச் செய்யாமல், "விலைக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க" என்று போடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காத பழக்கம், வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தி வைப்பதுபோல. மற்றவருக்கோ நம் பொருள் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. அவருக்கு நேரம் எடுத்து எழுதவேண்டும்.

இந்த இரண்டாவது ஆளை எப்படிப் பிடிப்பது என்று நூறு வருடத்துக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. 1900ஆம் ஆண்டில் பிரான்சில் டயர் செய்து விற்ற மிஷ்லின் சகோதரர்களுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. நாடு முழுவதும் 3,000 கார்கூடக் கிடையாது. அவர்கள் டயரைப் புகழ்ந்து கூவுவதோடு நிற்கவில்லை. பெட்ரோல் எங்கே கிடைக்கும், வண்டி பழுதானால் யார் பார்ப்பார், எங்கே தங்கலாம், டயரை எப்படி மாற்றுவது என்று ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். கார் வைத்திருப்பவர் துணிந்து தூரப் பயணம் கிளம்பினால்தானே டயர் தேயும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஹப்புத்தளையில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பிதான் ஞாபகத்துக்கு வருவார். லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக் காட்சியிடத்துக்கு ஆள் ஏற்றுகிறவர். அங்கே விடியற்காலையில் போனால்தான் காட்சி, நேரம் போகப்போக மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும், வந்தவர்கள் வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவார்கள். இவர் என்ன செய்கிறார் என்றால், காலையில் வண்டியை எடுத்ததும் வானத்தை ஒரு சின்ன வீடியோ எடுத்து, "இன்னைக்கு வானம் திறந்திருக்கு, ஆறு மணிக்குள்ள மேல போயிட்டா நல்லது" என்றோ, "இன்னைக்கு மழை முகம், காசைச் செலவழிக்காதீங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்றோ பேசி வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். ரூம் வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் விருந்தினருக்கு அனுப்புகிறார்கள். வராதீர்கள் என்று சொல்கிற ஆட்டோக்காரரை யார்தான் நம்பமாட்டார்கள்? போகலாம் என்று அவர் சொல்கிற நாளில் வண்டி காலியாக நிற்பதில்லை.

விவசாயப் பொருள் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். கலப்பை செய்து விற்ற ஜோன் டியர் கம்பனி 1895இலேயே விவசாயிகளுக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்கியது, பயிர் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற சஞ்சிகை, இன்றைக்கும் வருகிறது. வெலிமடையில் கருகின உருளைக்கிழங்கு இலையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறவரிடம் முதலாளி சொல்கிற பதிலை, அந்த இலையின் படத்தோடு, இந்தப் பனி மாதத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்று எழுதிப் போட்டால் ஊரே படிக்கும். மருந்து அளவு மட்டும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டுப் போடுங்கள், அதில் விளையாடக் கூடாது.

ரூம், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் இறங்குகிற தொழில் இது, எல்லோரும் ஒரே மாதிரிப் பதிவு போடுகிற தொழிலும் இதுதான். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடித்தது. அந்தப் பாலம் பல தலைமுறையாக அதே இடத்தில்தான் நிற்கிறது, ரயிலும் அதே ரயில்தான். போனில் எடுத்த படமும் வீடியோவும் உலகம் சுற்றத் தொடங்கிய பிறகு எல்ல என்கிற சின்னச் சந்தி ஒரு நகரமாகவே மாறிவிட்டது. உள்ளடக்கம் தேவையை உருவாக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இப்போது அதே பாலத்தின் படத்தை நீங்களும் போட்டால் அது பாலத்துக்குத்தான் விளம்பரம், உங்கள் அறைக்கு அல்ல. ரயில் கதவில் தொங்கிக்கொண்டு எடுக்கிற படங்களை உங்கள் பக்கத்தில் பகிரவே வேண்டாம், அப்படித் தொங்கி விழுந்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பதிலாக உங்களுக்கு வருகிற அழைப்புகளை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் பேசுகிறது: நுவரெலியா டவுனிலேயே ரயில் நிற்குமா? நிற்காது, நானுஓயாவில் இறங்கவேண்டும், அங்கிருந்து பஸ் இருக்கிறது, இரவு ரயிலில் வந்தால் என்ன செய்வது என்று எழுதுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாசலுக்கு எத்தனை படி? படியை எண்ணி, படம் எடுத்துப் போடுங்கள். சைவச் சாப்பாடு தனிச் சட்டியில் சமைப்பீர்களா? சுடுதண்ணி விடியற்காலை நாலு மணிக்கும் வருமா? ஜனவரிக் குளிருக்குக் கைக்குழந்தையோடு வரலாமா? ஹோர்ட்டன் சமவெளிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் பனி மூடுவதற்குள் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கலாம்? இந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. "இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் மறக்க முடியாத அனுபவம்" என்று எழுதியதைப் படித்து யாரும் பாட்டியை அழைத்துக்கொண்டு வரமாட்டார்கள், படி எத்தனை என்று எழுதியதைப் படித்துத்தான் வருவார்கள்.

சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற காலத்திலும் இதையேதான் சொல்வேன். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை பருவம். மஸ்கெலியா, நல்லதண்ணி பக்கத்தில் கடையோ அறையோ வைத்திருப்பவர் நவம்பரிலேயே எழுதத் தொடங்கவேண்டும். ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடுவது அப்போதுதான், மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவருக்கு உங்கள் பதிவால் பயன் இல்லை. நுவரெலியா ஏப்ரல் சீசனுக்குப் பெப்ரவரி. ஹட்டன் தையல் கடை அக்காமாருக்கு தீபாவளி: தோட்டத்தில் முற்பணம் கையில் வருகிற கிழமையில் எல்லோரும் ஒன்றாகத் துணியோடு வந்து நின்றால் எப்படித் தைத்துக் கொடுப்பது? "பிளவுஸ் தைக்க எந்தத் திகதிக்குள் துணி தரவேண்டும், ஏன்" என்று ஒரு மாதம் முன்னால் எழுதிவிட்டால் அது அறிவிப்பும் ஆகும், வியாபாரமும் ஆகும்.

இதையெல்லாம் எழுத எங்கே ஆரம்பிப்பது என்றால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. யார் என்ன கேட்டாலும், கேட்ட வார்த்தையிலேயே, திருத்தாமல் எழுதுங்கள். "இந்தத் துணி சாயம் போகுமா" என்று கேட்டதை "வண்ண உறுதித்தன்மை" என்று மாற்றாதீர்கள், கூகுளில் தேடுகிறவரும் அப்படித் தேடமாட்டார். கொஞ்ச நாளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தானாகத் தெரியும். அதே கொப்பியின் பின்பக்கத்தில், புதிதாக அழைக்கிற ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எங்க பார்த்தீங்க?" என்று கேட்டு எழுதி வையுங்கள். லைக் எண்ணிக்கையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லைக் போடுகிறவர்களில் பாதி நம் சொந்தக்காரர்கள், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எதற்குமே லைக் போடாதவர்கள்.

மொழி விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வெள்ளைக்காரர் படிக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, வெள்ளவத்தை, அப்புறம் ரொறன்ரோ, லண்டன், சென்னை என்று தமிழில் படிக்கிறவர்கள் எவ்வளவு பேர் மலைநாட்டுக்கு வர ஆசைப்படுகிறார்கள்! அவர்கள் தமிழில் தேடினால் நானுஓயாவில் எங்கே இறங்குவது என்று சொல்ல ஆள் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் ஆயிரம் பேரோடு போட்டி, தமிழில் நல்ல தகவலாக எழுதினால் இன்றைக்கும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டிலும் எழுதுங்கள், ஆனால் தமிழில் முதலில் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்ல அதில்தான் முடியும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு வியாபாரத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார், ஹப்புத்தளை தம்பேதன்னவும் அதில் சேர்த்தி. பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தேயிலையை நிறை அச்சிட்ட பொட்டலமாக்கி, தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்று சொல்லி விற்றார். சீனத் தேயிலை குடித்துப் பழகிய பிரித்தானியாவுக்கு இந்த மலையின் கதையைச் சொல்லி ஆசை காட்டினார். 1932இல் இலங்கைத் தேயிலையை உலகத்துக்கு எடுத்துச் சொல்லவென்றே அரசாங்கம் ஒரு சபை அமைத்தது. அந்த விளம்பரங்களிலெல்லாம் கூடையோடு நின்றது நம் பாட்டிமார்தான். அவர்கள் படமாக இருந்தார்கள், ஒருவரும் அவர்களிடம் பேசச் சொல்லிக் கேட்கவில்லை. மழை நாளில் கொழுந்து எப்படிக் கனக்கும், எந்த மலையில் எந்த மாதம் இலை வாசமாக வரும், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில் விடியற்காலை என்ன பேசிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், கதை மட்டும் வேறு யாரோ எழுதினார்கள், காசும் அங்கேதான் போனது.

ஆகவே தேயிலை விற்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிற அம்மாவைக் கேட்காமல் படம் எடுத்துப் பொட்டலத்தில் போடாதீர்கள். அவர் கிலோக் கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கிறவர், நிறுத்திச் சிரிக்கச் சொன்னால் அவருக்கு அது நட்டம். வேலை முடிந்த பிறகு அவர் குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், சம்மதம் கேளுங்கள், அவர் சொல்வதை அவர் பெயரோடு போடலாமா என்று கேளுங்கள், படத்துக்குக் காசு கொடுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று அவர் ஒரு நிமிடம் கையால் காட்டினால் அதற்கு ஈடான விளம்பரத்தை எந்த ஸ்டூடியோவிலும் செய்ய முடியாது. பொட்டலத்தில் இலங்கைத் தேயிலையின் சிங்கச் சின்னம் போடுவதும் நம் இஷ்டத்துக்குச் செய்கிற காரியம் அல்ல, தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும், நூறு வீதம் இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்ததாக இருக்கவேண்டும். அனுமதி எடுத்தவர்கள் அந்தக் கதையையே ஒரு பதிவாக எழுதலாம். வாங்குகிறவர் தெரிந்துகொள்ள விரும்புகிற விஷயம் அது. உடம்புக்கு அந்த நோய் போகும், இந்த நோய் போகும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்து நீங்களும் எழுதாதீர்கள், ஒரு பொய் போதும், மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும் என்று கேட்பீர்கள். மெதுவாகத்தான் தெரியும். பூஸ்ட் மாதிரி அன்றைக்கே போன் அடிக்காது. ஆனால் படி எத்தனை என்று எழுதிய பதிவை இரண்டு வருடம் கழித்தும் யாராவது தேடி எடுத்துப் படித்துவிட்டு அழைப்பார்கள், அதற்குத் திரும்பக் காசு கட்டத் தேவையில்லை. எழுதியவற்றை பேஸ்புக்கில் மட்டும் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், பக்கம் களவு போனால் எல்லாம் போய்விடும். இலவச வலைப்பூ ஒன்றிலும் ஒரு பிரதி இருக்கட்டும், வாங்கியவர்களின் நம்பர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கடையில் நின்றுகொண்டு எழுத நேரம் இல்லை என்பது நியாயமான கவலை. வீட்டில் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற மகளோ மருமகனோ இருந்தால் நீங்கள் பேசுங்கள், அவர்கள் எழுதட்டும். ஓசியில் செய்யச் சொல்லாதீர்கள், சம்பளம் கொடுங்கள், கொழும்புக்குப் பஸ் ஏறாமல் ஊரிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று அவர்களுக்கும் கிடைக்கும். ஹட்டன், பண்டாரவளை, பதுளை பக்கம் யாராவது கொப்பி போட்டுக் கேள்விகளைச் சேர்த்திருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதை முதலில் எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன், காசு எதுவும் வேண்டாம்.